ஒரு நாளைக்குப் பதினாலு ராத்திரி

வானத்தில் ராத்திரி கிடையாது என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். படித்தது எலக்ட்ரிகல் டிப்ளமா. பாஸும் பண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் ஒரு சாட்டிலைட்டுக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி செய்யும் வேலையிலும் போய் உட்கார்ந்தேன். முதல் வாரமே, எல்லோர் காதிலும் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பெட்டியைச் செய்கிற மேடத்திடம் கேட்டேன்.

“மேடம், அங்கதான் சூரியன் எப்பவும் எரிஞ்சிகிட்டே இருக்குமே. சோலார் பேனல் ஒட்டிட்டா போதாதா? பேட்டரி எதுக்கு தண்டமா?”

அவர் சிரிக்கவில்லை. சால்டரிங் அயனை அதன் ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அப்ப நமக்கு மட்டும் ராத்திரி எங்கேர்ந்து வருது?”

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ஒரு வடை முழுக்க யோசித்தேன். திரும்பி வந்து, “பூமி மறைக்குது மேடம்” என்றேன்.

“அந்த பூமியத்தானே அதுவும் சுத்துது? நூறு நிமிஷத்துக்கு ஒரு சுத்து. அதுல முப்பத்தஞ்சு நிமிஷம் பூமியோட நிழல்ல போகும். ஒரு நாளைக்குப் பதினாலு ராத்திரி சார். ஒவ்வொரு ராத்திரியும் பேட்டரிதான் சோறு போடணும்.”

என்னை சார் என்று அவர் கூப்பிட்டது மரியாதையா கிண்டலா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. என்னைவிட மூன்றோ நான்கோ வயது பெரியவர். நான் மேடம் என்பேன், அவர் சார் என்பார். முறையாகப் பார்த்தால் எங்களில் ஒருவர்தான் அந்தப் பட்டத்துக்கு லாயக்கு.

இடம் சேலையூர், கேம்ப் ரோடு. கீழே மளிகைக் கடை, மேலே எங்கள் பட்டறை. வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் எமர்ஜென்சி விளக்கும் செய்து விற்றோம். முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நாங்களும் அப்படியே. பாய்க்கு ஒரு பைத்தியம் உண்டு. மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, முகம் தெரியாத தேசத்து ஆட்களோடு ரேடியோவில் பேசுவது. அதற்கு ஹாம் ரேடியோ என்று பெயர். பேசுவதில் பாதி, “நான் பேசறது கேக்குதா?” என்பதுதான். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சிநேகமான சில வெளிநாட்டுக் கல்லூரிப் பையன்கள் சின்னதாக ஒரு சாட்டிலைட் செய்யக் கிளம்பினார்கள். உயரத்திலும் அகலத்திலும் ஒரு பிஸ்கட் டின் அளவு. ஆளுக்கொரு பாகம் என்று பல ஊர் ரேடியோப் பைத்தியங்கள் பங்கு போட்டுக்கொண்டபோது, பவர் பெட்டி பாய் பங்குக்கு வந்தது. பேனலிலிருந்து கரண்டை வாங்கி, பேட்டரியில் சேர்த்து, ராத்திரியில் எடுத்துக் கொடுக்கிற பெட்டி. பாய் சட்டென்று ஒத்துக்கொண்டார். அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் பட்டறையில் மேடம் இருந்தார்.

மேடத்தைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரே ஒரு கேள்வியைச் சொன்னால் போதும். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது போயிடுச்சுன்னா?” என்பார். அவ்வளவுதான். ஆனால் அதை அவர் கேட்கும் விதம் இருக்கிறதே. தலை கொஞ்சம் இடது பக்கம் சாயும். பொருளைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். ‘போயிடுச்சுன்னா’வில் அந்த ‘ன்னா’ மட்டும் மேலே ஏறி அங்கேயே நிற்கும். பதில் வரும் வரை இறங்காது.

டயோடைப் பார்த்து அப்படிக் கேட்டதால் பேனல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதை வந்தது. ஒரு பேனல் செத்தால் மற்றவை அதைச் சுமக்க வேண்டாம். சார்ஜ் செய்யும் சர்க்யூட்டைப் பார்த்துக் கேட்டதால் அதற்கு இரட்டைப் பிறவி ஒன்று வந்தது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா படுத்துத் தூங்கி, வெயில் வந்ததும் தானாக எழுந்துகொள்கிற மாதிரி ஒரு ஏற்பாடும் வந்தது.

“ஸ்டெபிலைசர் கெட்டுப்போனா கடைக்கு எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணிக்கலாம். இது மேல போனா போனதுதான். யாரும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கினு பின்னாடி போக முடியாது” என்பார்.

வீட்டிலும் அதே ஆள்தான். கைக்கடிகாரம் இரண்டு. ஒன்று கையில், ஒன்று பையில். குடை இரண்டு. செம்பாக்கத்திலிருந்து சேலையூருக்கு வர இரண்டு வழி வைத்திருந்தார். பஸ் ஓடுகிற நாளிலும் வாரத்துக்கு ஒரு முறை சைக்கிளில் இன்னொரு வழியாக வருவார், அந்த வழி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க. அவருடைய குடும்பம் செம்பாக்கம் ஏரிப் பக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகி விற்றுப்போன பிறகு, அந்த மனைகளில் வீடு கட்டுகிறவர்களுக்கே மணலும் செங்கல்லும் விற்றுக்கொண்டிருந்தார் அவர் தம்பி. அந்தத் தம்பிதான் ஒருமுறை பட்டறைக்கு வந்தபோது, அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையைச் சொன்னார்.

“மாப்ள நல்ல மாப்ள சார். பேங்க்கு வேலை. எல்லாம் முடிஞ்சு, பொண்ணு எதுனா பேசணும்னா பேசலாம்னாங்க. அக்கா கேட்டுது, ‘உங்க வேலை போயிடுச்சுன்னா?’ன்னு. அவங்கம்மா கேசரி தட்டை அப்டியே கீழ வெச்சிட்டாங்க.”

“அந்த மாப்ள என்ன சொன்னாரு?”

“இன்னா சொல்லுவாரு. எழுந்து செருப்பு மாட்டிகினாரு.”

நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேடம் உள்ளேயிருந்து, “நான் தப்பாவா கேட்டேன்? பதில் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாம்ல?” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பயமுறுத்துவதற்காக அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு பொருள் எப்படிச் சாகும் என்று தெரிந்துவிட்டால் அதன்மேல் அவருக்குப் பிரியம் வந்துவிடும். அதற்குப் பிறகு தைரியமாக மேலே அனுப்புவார்.

பெட்டியில் அவருக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு வைத்தவர் பேட்டரியில் மட்டும் இரண்டு வைக்க முடியவில்லை. எடை இடம் கொடுக்கவில்லை. எட்டு செல் வரிசையாகச் சேர்ந்த ஒரே ஒரு பேட்டரி. மூன்று வாரம் அந்தப் பையன்களோடு கடிதத்தில் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சொன்னார்: “சரி. ரெண்டு வைக்க முடியாதுன்னா ஒண்ணை ரெண்டு தடவை பார்ப்போம்.”

கடையில் கிடைக்கிற சாதாரண நிக்கல் காட்மியம் செல்கள்தான். கட்டை விரலைவிடக் கொஞ்சம் தடிமன். நூறு வாங்கினோம். ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் எழுதினோம். பிறகு அவற்றை நிரப்புவதும் வடிப்பதும், நிரப்புவதும் வடிப்பதும். ஏன் என்று ஒருநாள் எனக்கு விளக்கினார். நின்றுபோன வேனை எட்டுப் பேர் சேர்ந்து தள்ளுகிறார்கள். ஏழு பேர் திடமாக இருந்து ஒருவனுக்கு மட்டும் மூச்சு வாங்கினால், மற்ற ஏழு பேரும் நிற்க மாட்டார்கள், அவனையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவன் கீழே விழுவான். செல்லும் அப்படித்தான். பலசாலி எட்டுப் பேர் வேண்டாம், ஒரே மாதிரி களைத்துப்போகிற எட்டுப் பேர் வேண்டும்.

அளவு எடுக்க எப்போதும் இரண்டு பேர். முதலில் நான் மீட்டர் வைத்துப் பார்த்து என் நோட்டில் எழுதுவேன். பிறகு அவர் பார்த்து அவர் நோட்டில் எழுதுவார். மாலையில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆறு வாரம். என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கூட அவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. நூறிலிருந்து பதினாறைப் பொறுக்கினார். எட்டு மேலே போக. எட்டு கீழே இருக்க. அந்தப் பதினாறும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி என்பார்.

பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து, அசையாதபடி பிசின் ஊற்றி இறுக்க வேண்டிய நாள் காலையில் அவர் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்தார். எட்டு செல்லும் துணி விரித்த தட்டில் வரிசையாக இருந்தன. எந்த இடத்தில் எந்த நம்பர் என்று ஒருமுறை காட்டினார்.

பாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஏம்மா, ரெண்டு பேர் பாக்கணும்னு நீதானே சட்டம் போட்ட? இவன் ஒண்டியா ஏதாச்சும் சொதப்பிட்டா?” என்றார்.

மேடம் படியில் பாதி இறங்கியிருந்தார். “சொதப்பினா சொல்லிடுவாரு பாய்” என்றார். போய்விட்டார்.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் நின்றுவிட்டது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஸ்டெபிலைசருக்குச் செப்புக் கம்பிச் சுருள் சுற்றும் பெண்கள் இரண்டு பேர் வேலையில்லாமல் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, மேடம் மாதிரி செஞ்சு காட்டுங்களேன். அன்னிக்கு செஞ்சீங்களே.”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது சிரிக்கத் தயாராக உட்கார்ந்துவிட்டால் அவர்களை ஏமாற்ற மனசு வராது. தட்டிலிருந்து மூன்றாவதாக இருந்த செல்லை எடுத்தேன். நம்பர் முப்பத்தேழு. தலையை இடது பக்கம் சாய்த்தேன். செல்லைக் கண்ணுக்கு நேரே, இரண்டு விரலால், உயர்த்திப் பிடித்தேன். “இது… போயிடுச்சுன்னா…?” ‘ன்னா’வை மேலே ஏற்றி நிறுத்தினேன். கை வேர்த்திருந்தது. செல் வழுக்கி மொசைக் தரையில் விழுந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுவும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். நானும் குனிந்து ஒரு கும்பிடு போட்டேன்.

அவர்கள் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். கீறல் இல்லை. நசுங்கல் இல்லை. மீட்டர் வைத்தேன், காலையில் காட்டிய அதே அளவு. கீழே விழுந்த முறுக்கை ஊதி வாயில் போட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி ஊதினேன். துடைத்தேன். மூன்றாவது இடத்தில் வைத்தேன். பிசினை ஊற்றினேன்.

மிச்சம் எட்டு செல் பீரோவில் இருந்தன. சொல்லியிருந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியிருப்பார். பத்து நிமிஷ வேலை. திட்டியிருக்கக்கூட மாட்டார். ஆனால் “எப்படி விழுந்துச்சு?” என்று கட்டாயம் கேட்டிருப்பார். உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தபோது விழுந்தது என்று, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து நிற்கிற ஆளிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குப் பிசின் காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் பெட்டி விமானம் ஏறிவிட்டது.

சாட்டிலைட் மேலே போன சில நாள் கழித்து, ஒரு காலை ஒன்பதரை மணிக்கு, பாய் வீட்டு மொட்டை மாடியில் அதன் குரலைக் கேட்டோம். கொசு ரீங்கரிக்கிற மாதிரி மெல்ல வந்து, விட்டுவிட்டு ஒலித்து, பத்து நிமிஷத்தில் தெற்கே இறங்கிப் போனது. அந்த ஒலியில்தான் அது தன் உடம்பு நிலவரம் சொல்லும். எட்டு செல்லின் அளவும் தனித்தனியாக வரும்படி மேடம் செய்திருந்தார். காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். எட்டும் ஒரே மாதிரி. பாய் அழுதார். கீழே ஓடிப்போய் எல்லோருக்கும் ஃபிர்னிப் பாயசம் எடுத்துக்கொண்டு வந்தார். மேடம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன மேடம், இப்பவும் போயிடுச்சுன்னாவா?”

“இல்ல சார். இன்னியோட கேட்டு முடிச்சாச்சு” என்றார். அவர் அப்படி நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான்காவது மாதம் மூன்றாவது செல் தளர ஆரம்பித்தது. ராத்திரியில் மற்ற ஏழைவிடச் சீக்கிரம் வடிந்தது. ஒரு கட்டத்தில் முழுக்கப் படுத்துவிட்டது. எட்டுப் பேருக்கான சார்ஜ் ஏழு பேர் தலையில் இறங்கவும், அவையும் ஒவ்வொன்றாகச் சூடாகிக் கெட்டன. ஐந்தாவது மாதக் கடைசியில், பாய் மாடியில் அது வரவேண்டிய நேரத்துக்கு நாங்கள் நின்றோம். இரைச்சல் மட்டும் வந்தது. அடுத்த சுற்றுக்கும் நின்றோம். பாய் கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவை அணைத்துவிட்டு, “விடும்மா. அஞ்சு மாசம் ஓடிச்சே” என்றார்.

அந்தப் பையன்கள் யாரையும் குறை சொல்லவில்லை. காரணம் என்னவென்று மட்டும் கேட்டு எழுதினார்கள். மேடம் நான்கு பக்கம் பதில் எழுதினார். கடைசி வரி எனக்கு நினைவிருக்கிறது, டைப் அடித்தது நான்தான். “செல்களைத் தேர்ந்தெடுத்தது நான், என் தேர்வில் எங்கோ தவறு இருக்கிறது, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.” டைப் அடித்து முடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, கவரில் போட்டு ஒட்டினேன். நான் எவ்வளவு பொறுப்பான ஆள் பாருங்கள்.

சில மாதத்தில் அவர் வேலையை விட்டார். மிச்சம் இருந்த எட்டு செல்லை மட்டும் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டு செம்பாக்கம் போனார். நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். முதல் முறை போனபோதே கூடத்து மூலையில் அதைப் பார்த்தேன். தையல் மெஷின் மேஜையின் மேல் எட்டு செல். பக்கத்தில் ஒரு சார்ஜர், அவரே செய்த ஒரு டைமர், டார்ச் லைட் பல்பு ஒன்று. அறுபத்தைந்து நிமிஷம் சார்ஜ் ஆகும். பிறகு பல்பு எரியும், முப்பத்தைந்து நிமிஷம். மேலே நடந்தது அப்படியே கீழே நடக்கிற மாதிரி. கரண்ட் போனால் தொடர்ந்து ஓட ஒரு கார் பேட்டரியும் மேஜைக்கு அடியில் இருந்தது.

“முப்பத்தேழோட கூடப் பொறந்ததுங்க சார் இதெல்லாம். அது தானா போயிருந்தா, இதுல ஒண்ணாவது அதே மாதிரி போவணும். அப்ப எனக்குத் தெரிஞ்சிடும்.”

ஆனால் ஒன்றும் போகவில்லை. அவர் தேர்வு அப்படி. ஒரு வருஷம் ஆயிற்று, எட்டும் கல்லு மாதிரி இருந்தன. எட்டும் நன்றாக இருக்க இருக்க அவருக்குக் குழப்பம் கூடிக்கொண்டே போனது. சார்ஜ் அளவை மாற்றிப் பார்த்தார். ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார். பல்பு எரியும்போது அந்த வீட்டில் யாரும் ஃபேன் ஸ்விட்சைக்கூடத் தட்டுவதில்லை. அவர் அப்பா இறந்த அன்று, கூடத்தில் உடலைக் கிடத்தியிருந்தபோதும் மூலையில் அது எரிந்து அணைந்துகொண்டிருந்தது. உறவுக்காரப் பெண் ஒருவர் அதை ஏதோ விளக்கு என்று நினைத்துக் கும்பிட்டார்.

இரண்டாவது வருஷம் அந்தப் பையன்களிடமிருந்து கடிதம் வந்தது. இன்னொரு சாட்டிலைட். பவர் பெட்டி நீங்களே செய்ய வேண்டும், முதலில் செய்ததில் அந்த ஒரு செல்லைத் தவிர ஒரு குறையும் நாங்கள் காணவில்லை என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது குரலில் ஆசை இருந்தது. மடித்து வைத்துவிட்டார்.

“எப்டி சார் செய்யறது? அது ஏன் செத்துதுன்னே தெரியல. தெரியாம இன்னொண்ணை மேல அனுப்பினா, அது தெரிஞ்சே கொல்றதுதானே?”

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். “மேடம், அந்த செல்லுக்கு மேல தனியா போரடிச்சிருக்கும். அதான் தூக்கு மாட்டிகிச்சு” என்றேன். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார், வந்த விருந்தாளி மனசு நோகக்கூடாதே என்று. பையன்கள் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். பிறகு வேறு யாரோ செய்தார்கள்.

அப்படி ஐந்து வருஷம். ஞாயிற்றுக்கிழமை, பஸ், ஒரு பொட்டலம் பக்கோடா, புதிதாக ஒரு ஜோக். பாய் பட்டறையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். எனக்கு வேறு வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை. மேடம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. கூடத்து மூலையில் பல்பு மட்டும் நாளைக்குப் பதினாலு தடவை எரிந்தது.

கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி இருக்கும். நான் உட்கார்ந்ததும் பழைய நோட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்று அவருடையது. ஒன்று என்னுடையது.

“கண்ணு சரியா தெரிய மாட்டேங்குது சார். மீட்டர் முள்ளு ரெண்டா தெரியுது. இன்னிக்கு ஒரு நாள் நீங்க ரெண்டாவது ஆளா இருங்களேன். நீங்க ஒரு தடவை பாருங்க, நான் ஒரு தடவை பாக்கறேன். பழைய மாதிரி.”

மீட்டரைக் கையில் வாங்கினேன். முதல் செல்லில் வைத்தேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

“மேடம். முப்பத்தேழு கீழ விழுந்துச்சு.”

“எந்த முப்பத்தேழு?”

“மேல போனது. பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி. என் கையிலேர்ந்து.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்தார். “எவ்ளோ உயரம்?” என்றார்.

“கைய தூக்கியிருந்தேன்.”

“எந்தப் பக்கம் பட்டுது? மூடிப் பக்கமா, அடிப்பக்கமா?”

“மூடிப் பக்கம்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, பார்த்தீங்களா?”

“பார்த்தேன் மேடம்.”

“தரை மொசைக் இல்ல அங்க?” எழுதிக்கொண்டார். “மூடிப் பக்கம்னா உள்ள தகடு நகர்ந்திருக்கும். அன்னிக்கு மீட்டர்ல தெரிஞ்சிருக்காது. நாலஞ்சு மாசம் கழிச்சுதான் தெரியும்.” அவர் முகத்தில் ரொம்ப நாளாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. “உயரம் சரியா வேணுமே. கைய எப்படித் தூக்கியிருந்தீங்க? செஞ்சு காட்டுங்க.”

“வேணாம் மேடம்.”

“செஞ்சு காட்டுங்க சார். எனக்கு உயரம் வேணும்.”

தம்பி செய்தித்தாளோடு வாசற்படியில் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எழுந்து நின்றேன். மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டேன். தலையை இடது பக்கம் சாய்த்தேன். கண்ணுக்கு நேரே உயர்த்தினேன். “வாயால எதுனா சொல்லிக்கினு இருந்தீங்களா?” என்றார். சொன்னேன். ‘ன்னா’ மேலே ஏறவில்லை, பாதியில் உடைந்தது.

அவர் தையல் டேப்பை எடுத்து வந்து, ஒரு நுனியைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறு நுனியை என் விரல் வரை இழுத்தார். படித்தார். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை படித்தார். எழுதினார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“நான் அப்படியா கேப்பேன்?”

“ஆமா மேடம்.”

“நல்லாத்தான் செய்யறீங்க” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் ஐந்து வருஷமாக விதவிதமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

நோட்டை மூடிவிட்டு மேஜைக்குப் போனார். பல்பு எரிந்துகொண்டிருந்தது, இன்னும் இருபது நிமிஷமாவது பாக்கி. ஸ்விட்சை அணைத்தார். எட்டு செல்லின் ஒயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றி முடித்த பிறகு அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“அப்ப நான் பொறுக்கினது சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்களுக்கு இப்ப எழுதினா…” என்று ஆரம்பித்தார். விரல் விட்டு வருஷத்தை எண்ணினார். “அந்த ரெண்டாவதும் மேல போயி எவ்ளோ நாளாச்சு. அந்தப் பசங்களே இப்ப எங்க இருக்காங்களோ.” சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தம்பி கேட் வரைக்கும் கூடவே வந்தார். எப்போதும் பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டு விடுவார். அன்று வண்டிச் சாவியை எடுக்கவில்லை. நான் வெளியே போனதும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதன் மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

“அக்கா இனிமேட்டும் உங்கள நல்லவர்னுதான் சொல்லும் சார். எனக்கு அப்டித் தோணல. இந்தப் பக்கம் வராதீங்க.”